கல்லுக்கு மசியாத கத்தி

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் சளி விட்டதா? கத்திக்கடையில் நாளெல்லாம் சாணை மெஷின் பக்கத்தில் நின்று தூசியை இழுத்துக்கொண்டிருந்தால் எப்படி விடும்? மூக்கை மூடிக்கொண்டு வேலை செய். போனில் பேசினால் நமக்குள் பாதியிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும். ஏதோ ஒன்று இல்லை, உங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற ரகம். என் வேலை உனக்குத் தெரியும். மண்டபம் மண்டபமாகப் போய் மேடை போடுகிறோம், திரை கட்டுகிறோம், கம்பளம் விரிக்கிறோம். கயிறு, டேப், அட்டைப்பெட்டி என்று கத்தியைக் கீழே வைக்க நேரம் இருக்காது. போன வாரம் ஏணி மேல் நிற்கும்போது என் பழைய கத்தி தானாக மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. பெரிய காயமில்லை, பயப்படாதே.

விரலைச் சாக்கு சொல்லலாம். உன்னிடம் மழுப்பி என்ன ஆகப்போகிறது? எங்கள் குழுவில் நெட்டை என்று ஒருவன் இருக்கிறான். போன வருஷம் பயிற்சிக்கு உன் ஊருக்கு வந்தபோது, அண்ணி பின்னிய ஸ்வெட்டர் பார்சலை உன் கடையில் கொண்டுவந்து கொடுத்தானே, அவன்தான். உனக்கு ஞாபகம் இருக்காது. அங்கிருந்து வரும்போதே ஒரு கத்தியோடு வந்தான். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும், டக்கென்று திறந்து நிற்கிறது. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. மேனேஜர்கூட, "நெட்டை, உன் கத்தியைக் கொஞ்சம் குடு"ன்னு அவனிடம்தான் கேட்கிறார். பக்கத்தில் நான் ஒருவன் பதினைந்து வருஷ அனுபவத்தோடு கத்தியும் கையுமாக நிற்கிறேன்.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். உன் அண்ணி அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்குது இந்தத் தம்பி"ன்னு சொன்னாள். என் கத்தியில் டேப் பசை ஒட்டியிருக்கிறதாம்.

அவன் வைத்திருப்பதைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. சளி போய்விட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல். விரலில் கட்டு பிரித்தாயா? தண்ணீர் படாமல் வைத்திரு.

அவர் பார்சல் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறது.

கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் உன் மாதிரிதான், பக்கத்து ஆளின் கத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் கேட்பது மூன்றே விஷயம். நீ அதிகம் வெட்டுவது எதை? கையுறை போட்டுக்கொண்டா, வெறுங்கையாலா? மழுங்கினால் யார் தீட்டுவார்கள்? திறந்த கத்தி மடங்காமல் பிடித்து நிறுத்துகிற லாக் உறுதியாக இருக்க வேண்டும், அதில் மட்டும் சமரசம் கிடையாது. உன் விரலுக்கு நடந்தது லாக்கின் குற்றம். பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. மற்றதெல்லாம் அழகுக்கு.

எஃகு ரொம்பக் கடினமாக இல்லாமல் நடுத்தரமாக இருப்பதை வாங்கு என்பேன். அப்போதுதான் நான் தீட்டித் தர முடியும். கடைக்கு வருகிற கத்தி எல்லாம் மெஷினுக்குத்தான் போகிறது. நம் ஆட்கள் கத்தியை மட்டும்தான் நான் என் கல்லில் கையால் தீட்டுவேன், உனக்கே தெரியும்.

மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் எழுது. அண்ணி பின்னிய ஸ்வெட்டர் இப்போதும் கதகதப்பாக இருக்கிறது.

உன் தங்கச்சி

&nbsp;

பிப்ரவரி 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். அண்ணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. விரல் ஆறிவிட்டது.

நீ கையால் தீட்டுகிற கதையை எனக்கே சொல்கிறாயா? இடது கைக்காரி நீ, உனக்கு ஒரு பக்கம் தேய்க்கக் கை நன்றாக ஓடும், மறு பக்கம் ஓடாது. நம் வீட்டில் ரொட்டி வெட்டினால் கத்தி தானாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். துண்டு மேலே தடியாக, கீழே காகிதம் மாதிரி இருக்கும். அப்பா மணிக்கட்டைச் சாய்த்து வெட்டப் பழகிக்கொண்டார். நான் கடைசி வரை கத்திக்கொண்டே இருந்தேன். ஆனாலும் அந்தக் கூர் வேறு எவனுக்கும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே தகவல். நெட்டையின் கத்தி எந்த ரகம்? சாம்பல் நிறப் பிடி, பிடியில் மூன்று சின்னப் பள்ளம், கிளிப் கறுப்பு. உங்கள் கடையில் வாங்கியதா? விலை என்ன? கேட்டால், "அங்க ஒரு கடையில வாங்கினேண்ணே"ன்னு தலையைக் குனிந்துகொள்கிறான். கம்பளம் வெட்டும்போது அவன் கையைப் பார்க்க வேண்டும் நீ. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சர்ரென்று ஒரே இழுப்பு. அதிலும் ஒரு ஸ்டைல். கோடு போட்ட மாதிரி வெட்டு விழுகிறது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் பெரிய மண்டபத்து வேலை. மேனேஜர் கம்பளப் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். அது என் வேலை. இத்தனை வருஷமாக என் வேலை. "உங்க முதுகுக்கு வேணாம்"னு எனக்கு நல்லது செய்கிற மாதிரி சொன்னார். என் முதுகைப் பற்றி இவரிடம் யார் கேட்டது?

உடனே பதில் போடு.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் சரக்கு சரிபார்க்கும் வேலை. நான் நலம். அண்ணிக்கு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடு. அதை நீயே செய், அவள் வேண்டாம் என்றாலும் செய்.

உனக்காக இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது நான் சொன்ன மாதிரி நடுத்தர எஃகு. லாக் இரும்புப் பிடியாகப் பிடிக்கும். கயிறு, அட்டை, கம்பளம் மூன்றும் தாங்கும். வாரம் ஒரு முறை கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். உன் கைக்கு இதுதான் சரி.

இரண்டாவது மிகக் கடினமான எஃகு. பிடி எடையே தெரியாது, திறப்பது வெண்ணெய் மாதிரி. மாதக்கணக்கில் கூர் போகாது. ஆனால் போனால் போனதுதான். என் கல்லுக்கு அது மசியாது. எவ்வளவு தேய்த்தாலும் கல்தான் தேயும். கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் பெருமையாக இருக்கும், தினசரி வேலைக்கு அது வீண் பகட்டு. முதலாவதை எடுத்துக்கொள், அண்ணா.

ஒன்று கேட்கிறேன். அந்த நெட்டையிடம் என்ன குறை கண்டாய்? வேலையில் ஏமாற்றுகிறாரா? குடிக்கிறாரா? பொய் பேசுகிறாரா? ஒளிக்காமல் எழுது.

உன் தங்கச்சி

&nbsp;

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன். "இன்னிக்கு என்ன புதுசா அக்கறை"ன்னு உன் அண்ணி சந்தேகமாகப் பார்த்தாள்.

அவனிடம் என்ன குறை என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் இல்லை. அதுதான் குறை. குடிப்பதில்லை. நேரத்துக்கு வருகிறான். மேலே ஏறினால் முதலில் என் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைக் கட்டுகிறான். பெரிய மண்டபத்தில் கம்பளம் முடிந்ததும் எல்லோரும் பாராட்டினார்கள். அவன், "அண்ணன் அளவு எடுத்தது, நான் வெட்டினதோட சரி"ன்னு சொன்னான். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தாலாவது நிம்மதியாக அவனைத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். இப்படி ஒருத்தன் பக்கத்தில் நின்றால் மனுஷன் எப்படி வேலை செய்வது?

எனக்கு இரண்டாவது கத்தி வேண்டும். கல்லுக்கு மசிய வேண்டாம், அவன் பார்த்து வாயைப் பிளந்தால் போதும். நெட்டையின் கத்தியைவிட அது உயர்ந்ததுதானே? அதற்கு மட்டும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை. உன் கடையில் வாங்கினானா இல்லையா என்பதற்கும்தான்.

பணம் அனுப்பிவிட்டேன். அண்ணியிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

அண்ணன்

&nbsp;

மே 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கேட்ட கத்தியை இன்றைக்குத் தபாலில் போட்டேன். ஆமாம், நெட்டையுடையதைவிட உயர்ந்த ரகம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். தண்ணீர் பட்டால் துடைத்து வை. நெம்புகோல் மாதிரி வைத்து எதையும் நெம்பாதே, கடின எஃகு வளையாது, ஒடியும்.

நான் அதைத் தொடவே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த கூரோடு அப்படியே அனுப்பியிருக்கிறேன். கல்லை எடுத்தேன், பிரயோஜனமில்லை என்று திருப்பி வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் லீவு போட்டு உங்களோடு சில நாள் வந்து இருக்கலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும். கவலைப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. நீ சாப்பிட்டுவிட்டு, நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசலாம்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கச்சி

&nbsp;

மே 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். கத்தி வந்தது. பிரிக்கும்போதே அண்ணி பார்த்துவிட்டாள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை, நீயே ஊகித்துக்கொள்.

மறுநாள் வேலைக்குப் போய், தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் திறந்து திறந்து மூடினேன். மின்விளக்குக்காரர் வாங்கிப் பார்த்தார், மேனேஜர் வாங்கிப் பார்த்தார். காலை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் காத்திருந்தது நெட்டைக்காக. அவன் வந்தான், வாங்கினான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்ல கத்திண்ணே. உங்க கைக்கு அம்சமா இருக்கு"ன்னு திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வயிறு எரிய வேண்டியவன் சிரிக்கிறான். நான் என்ன செய்வது, சொல்லு.

மாற்றிக்கொள்ள ஆசை இருக்கிறதா என்று வேடிக்கைக்குக் கேட்டேன். "இது எனக்குப் போதும்ணே"ன்னு கிளிப்பைத் தடவினான். என்ன போதும்? என் கத்தி அவனுடையதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். மடையன்.

ஆகஸ்டில் தாராளமாக வா. என்ன விஷயம்? வேலையில் ஏதாவது தகராறா? மொட்டையாக எழுதினால் எனக்குத் தூக்கம் எங்கே வரும்? பதில் எழுது.

அண்ணன்

&nbsp;

ஜூலை 11

தங்கச்சிக்கு,

மே மாதம் எழுதிய கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அதனால் யார் நலமும் நான் விசாரிக்கப் போவதில்லை.

இன்று ஒரு பள்ளிக்கூட அரங்கில் வேலை. என் கத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கம்பளத்தை நெட்டை இழுத்துப் பிடித்திருந்தான், விட்டால் சுருண்டுவிடும். "என்னோடத எடுத்துக்கங்கண்ணே, பாக்கெட்டில இருக்கு"ன்னான். எடுத்தேன். கோட்டின் மேல் வைத்து இழுத்தேன். கத்தி கோட்டை விட்டு இடப்பக்கம் போனது. என் கை பிசகிவிட்டது என்று மறுபடி வைத்தேன். மறுபடியும் இடப்பக்கம்.

மூன்றாவது முறை என்னை அறியாமல் மணிக்கட்டைச் சாய்த்தேன். நேராகப் போனது. அப்பா ரொட்டி வெட்டியது ஞாபகம் வந்தது.

"இதை யார் தீட்டினது?"ன்னு கேட்டேன். அவன் கம்பளத்தைப் பிடித்தபடியே நின்றான். காது இரண்டும் சிவந்துவிட்டது. "உங்க தங்கச்சி எழுதறேன்னு சொன்னாங்கண்ணே"ன்னான். எழுதுகிறாளாம். பிப்ரவரியிலிருந்து எழுதிக்கொண்டுதானே இருக்கிறாய், எஃகைப் பற்றியும் லாக்கைப் பற்றியும்?

அவன் ஸ்டைல் ஸ்டைல் என்று நான் எழுதியதைப் படித்து நீ சிரித்திருப்பாய். சிரி. எனக்குக் கோபம் அதற்கில்லை. நம் ஆட்களுக்கு மட்டும்தான் கையால் தீட்டுவேன் என்று எழுதினாய். நம் ஆட்கள் என்றால் இப்போது நானும் நீயும் அண்ணியும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எப்போது நம் ஆள் ஆனான்? பார்சலைக் கொடுத்தனுப்பிய முட்டாள் நான்தான். அவன் பாக்கெட்டில் உன் கை வேலை, என் பாக்கெட்டில் கம்பெனிக் கத்தி. பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான். பச்சையாக எழுதிவிட்டேன்.

ஆகஸ்டில் நீ வர வேண்டாம்.

&nbsp;

ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நன்றாக இல்லை. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மெஷினைத் தொட முதலாளி விடவில்லை.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "கத்தி ஏதாவது வேணுமா?"ன்னு கேட்டேன். "வேணும்னு சொன்னா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாமா?"ன்னார். பயிற்சி முடிகிற வரை தினமும் வந்து அதே கத்தியைத் திறந்து மூடினார். "வாங்கறியா, விளையாடறியா?"ன்னு முதலாளி சத்தம் போட்ட அன்றைக்குத்தான் வாங்கினார். விற்ற கத்தியை மெஷினில் ஒரு பிடி பிடித்துக் கொடுப்பது வழக்கம். பாதி தீட்டிய பிறகுதான் கவனித்தேன், அதை என் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நானாக முடிவு செய்ததில்லை அண்ணா. என் கை முந்திக்கொண்டது.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவர் எத்தனையோ முறை எழுதினார். நான்தான் தடுத்தேன். கடிதத்துக்குக் கடிதம் நீ அவர் மேல் எரிந்து விழுகிறாய். எந்தக் கடிதத்தில் நான் சொல்வது? ஏப்ரலில் அவரிடம் என்ன குறை என்று கேட்டேனே, எனக்காகத்தான் கேட்டேன். நீ எழுதிய பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எவ்வளவு வயிற்றெரிச்சலிலும் அவரைப் பற்றி உன்னால் ஒரு பொய் எழுத முடியவில்லை.

எனக்கு அவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது நீதான். நீ மனசாரச் சரி என்று எழுதுகிற வரை காத்திருப்பேன். அவரும் காத்திருப்பார்.

இன்னொன்று. உனக்கும் கையால் தீட்டித் தரத்தான் ஆசைப்பட்டேன். இரண்டு தடவை எழுதினேன். என் கல்லுக்கு மசியாத கத்தியைக் கேட்டு வாங்கியது நீ.

உன் தங்கச்சி

&nbsp;

செப்டம்பர் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணி என்னோடு சரியாகப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, மற்றபடி அவளும் நலம். உன் கடைசிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்களுக்குப் போட்டி நெட்டை இல்ல, உங்க வாய்தான்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒத்தடம்கூடத் தானே கொடுத்துக்கொள்கிறாள்.

இத்தனை நாளும் நெட்டையோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவன் எப்போதும்போல என் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைக் கட்டினான். முன்னெல்லாம் என்னை மடக்க நடிக்கிறான் என்று நினைப்பேன். இப்போது உன்னை மனதில் வைத்து மடக்குகிறான் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், உன்னைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே அவன் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

நேற்று வேலை முடிந்து, மேடை விளிம்பில் எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போன பிறகு, அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "கத்தியை மாத்திக்கலாம். உன்னோடது எனக்கு, என்னோடது உனக்கு. அப்புறம் மத்ததைப் பேசலாம்"னு சொன்னேன்.

அவன் என் கத்தியைத் தொடவே இல்லை. "வேற எது வேணாலும் கேளுங்கண்ணே"ன்னான். இரண்டு மடங்கு விலைக் கத்தி என்றேன். தெரியும் என்றான். நான் கையை நீட்டியபடியே இருந்தேன். கடைசியில் பாக்கெட்டிலிருந்து எடுத்தான், சட்டையில் துடைத்தான், ஒரு முறை திறந்து கூரைப் பார்த்தான், மூடினான். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு விரலை எடுக்க அவனுக்கு மனசே வரவில்லை. கொடுத்த பிறகும் என் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் தடவையாக அவன் வயிறு எரிந்தது. இந்த ஒன்றுக்காக பிப்ரவரியிலிருந்து நான் என்னவெல்லாம் செய்தேன்.

எனக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை. என்னை மாதிரியே ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அவ்வளவு பொறாமைப்படுகிறவன் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வான். "சரி, எழுந்திரு, தங்கச்சிக்கு எழுதிடறேன்"னு சொன்னேன். போகும்போது, "கத்தி எங்கிட்டதான் இருக்கும்"னு சொல்லி அனுப்பினேன். அதில் மாற்றம் இல்லை. நீ அவனோடு காலம் முழுக்க இருக்கப் போகிறாய், ஒரு கத்திகூட எனக்கு இல்லையா?

மனசாரத்தான் எழுதுகிறேன், சரி. மூலையில் நிற்க மாட்டேன். மேடை நான்தான் போடுவேன். கம்பளத்தையும் நானே வெட்டுவேன்.

இதை எழுதும்போது அண்ணி பின்னால் நின்று படிக்கிறாள். "லீவு எடுத்துக்கிட்டு சீக்கிரம் வரச் சொல்லுங்க"ங்கிறாள். வா. வரும்போது உன் கல்லை மறக்காமல் எடுத்து வா. கூர் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது.

உன் அண்ணன்